செல்வராணி டீச்சரின் ஏஞ்சல் ஜோடி

போன மாதம் விளாங்குடியில் ஒரு வீட்டு மாடிக்கு என்னை அழைத்துப் போனார்கள். நாலைந்து பெண்கள் சேர்ந்து அங்கே வளர்ப்பு மீன் முட்டைகளைப் பொரிக்க வைத்துக் குஞ்சு எடுக்கிறார்கள். தண்ணீர் ஆறினால் ஹீட்டர் தானே போட்டுக்கொள்கிறது. கரண்ட் போனால் காற்று மோட்டார் நிற்காமல் பேட்டரிக்கு மாறிக்கொள்கிறது. முட்டைத் தொட்டிக்கு மேலே ஒரு கேமரா வேறு. "கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட பந்தியில உக்காந்துக்கிட்டே போன்ல முட்டையப் பாத்துக்குவோம்க்கா" என்று அதில் ஒரு பெண் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த சிலேட்டுப் பலகையில் வரிசையாக ஒட்டியிருந்த முட்டைகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. அவை என் முட்டைகள் இல்லை, அது என் தொட்டியும் இல்லை. இருந்தும் கை தானாகப் போய்க் கண்ணாடியைத் தொட்டுச் சூடு பார்த்தது. கெட்டுப்போன வெள்ளை முட்டை எங்கே என்று கண் தேடியது.

"ஒங்களுக்கு ரொம்பப் பாடாப் படுத்துன பொரிப்பு எதுக்கா?" என்று கேட்டார்கள். "ஏஞ்சல் மீன்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் விக்டோரியா. மதுரையில் தெற்குவாசலுக்கு உள்ளே ஒரு சந்தில் மெகருன்னிசா என்ற அம்மாவின் வீட்டில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தேன். அவருடைய கணவர் சிக்கந்தர் பாய்க்கு ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு எதிரே மீன் தொட்டிக் கடை. கடையில் விற்ற மீன்களில் பாதிக்கு மேல் மெகர் அக்கா தன் வீட்டு மாடியில் பொரித்தவை. அக்கா கடைப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. மாடி அறைதான் அவருக்கு ஆபீஸ். நான் முதலில் அந்த வீட்டில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். பிறகு தொட்டி கழுவ மாடிக்கு ஏறினேன். அதற்குப் பிறகு கோல்டு மீன் முட்டை, ஃபைட்டர் முட்டை, கடைசியில் ஏஞ்சல் முட்டை என்று என் கைக்கு வந்தன. கற்றுக்கொண்ட விதம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த உடம்பு. முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஊற்றும் நீல மருந்து பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் எப்போதும் ஊதா நிறத்தில் இருக்கும். முட்டை இருக்கிற அறையில் சத்தம் போட்டுப் பேச மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். ஒரு மீன் செத்துவிட்டால் "செத்துப்போச்சு" என்று அவர் வாயிலிருந்து வராது. "போயிருச்சு" என்பார். நல்லபடியாகப் பொரித்த குஞ்சுகளைப் பார்த்து யாராவது "எம்புட்டு அழகா இருக்கு!" என்று சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். "நீந்தட்டும், அப்புறம் சொல்லு" என்பார். நீந்த ஆரம்பித்த பிறகு சொன்னால், "தீனி எடுக்கட்டும்" என்பார். தீனி எடுத்த பிறகு அடுத்த தொட்டியில் முட்டை வந்திருக்கும். சந்தோஷப்படுவதற்கு அந்த வீட்டில் நேரம் வந்ததே இல்லை.

தினமும் சாயங்காலம் நான் கிளம்பும் முன் எதிரே நிற்க வைத்து, "என்ன செஞ்ச? சொல்லு" என்று கேட்பார். எந்தத் தொட்டிக்கு எவ்வளவு தண்ணீர் மாற்றினேன், எந்தத் தண்ணீர், எத்தனை வெள்ளை முட்டை எடுத்தேன் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் ஒன்றை மறைக்கிறேன் என்று அவர் நினைத்ததில்லை. ஒன்றை நான் மறந்திருப்பேனோ என்ற பயம்தான். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஊருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது மோட்டாரைப் போட்டேனா என்று நினைப்பு வரும். போட்டிருப்பேன். இருந்தாலும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று கால் பரபரக்கும்.

பயப்படக் காரணம் இருந்தது. எங்கள் பக்கம் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அந்த உப்புத் தண்ணீரில் ஏஞ்சல் முட்டை போட்டால் முக்கால்வாசி வெள்ளையாகிவிடும். அதனால் குழாய்த் தண்ணீரைப் பிடித்துத் திறந்த டிரம்மில் வைத்துப் பழக்குவோம். மழை வந்தால் மொட்டை மாடித் தண்ணீரை முதல் மழைக்கு விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து பிடித்து மூடி வைப்போம். ஒரு தடவை வைகையில் புதுத் தண்ணீர் வந்த சமயம், குழாயில் பிளீச்சிங் பவுடர் கூடுதலாகக் கலந்து விட்டிருக்கிறார்கள் போல. முகர்ந்து பார்த்தோம், வாசம் தெரியவில்லை. எப்போதும் போலப் பழக்கித்தான் மாற்றினோம். மத்தியானத்துக்குள் ஒரு வரிசைத் தொட்டி முழுக்கக் குஞ்சுகள் தண்ணீர்ப் பரப்புக்கு வந்து வாயைத் திறந்தன. நாங்கள் இருவரும் வாளி வாளியாக வேறு தண்ணீருக்கு மாற்றினோம். ஒன்றும் பிழைக்கவில்லை. அக்கா அழவில்லை. ஒவ்வொரு தொட்டியாக வடித்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தார். எல்லாம் முடிந்ததும், "நாம தப்பு பண்ணல. அதான் பயமா இருக்கு" என்றார். தப்புப் பண்ணினால் அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம். தப்பே பண்ணாமல் மீன் போனால் எதைத் திருத்துவது?

அந்த வீட்டுக்குத்தான் செல்வராணி டீச்சர் வந்தார்.

டி. கல்லுப்பட்டியில் குடியிருப்பவர். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் அறிவியல் டீச்சர். கணவர் இல்லை, ஒரே மகன். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆரப்பாளையம் வந்து இறங்கி, பாய் கடையில் விசாரித்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து எங்கள் சந்துக்கு வந்துவிட்டார். வாளிக்குள் இரண்டு ஏஞ்சல் மீன்கள். விசேஷமான சாதி இல்லை. வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட சாதாரண ஏஞ்சல். இரண்டும் வயதானவை. ஆண் நன்றாக இருந்தது. பெண்ணுக்கு வயிறு ஒரு பக்கமாகப் புடைத்து, தலை கீழே சாய்ந்து நின்றது.

"எம்மகன் ஜெபா வளத்தது" என்றார் டீச்சர். "அவன் சவுதிக்கு வேலைக்குப் போயிருக்கான். போறப்ப பாத்துக்கம்மான்னு விட்டுட்டுப் போனான்."

அக்கா வாளிக்கு மேலே குனிந்து வெகுநேரம் பார்த்தார். மேலே இருந்து பார்த்தால்தான் செதில் நிமிர்ந்திருக்கிறதா என்று தெரியும். செதில் பலாக்காய் முள் மாதிரி எழும்பியிருந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம், அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. இதற்குச் செதில் படிந்துதான் இருந்தது.

"முட்ட கட்டிக்கிருச்சு" என்றார் அக்கா. "வயித்துல முட்ட நெறைய இருக்கு. போட முடியல. வயசான பொட்டைக்கு இப்படி வரும்."

"காப்பாத்த முடியுமா?"

அக்கா வாளியைத் தன் பக்கம் நகர்த்தினார். அவர் எந்தக் கேள்விக்கும் ஆமாம் இல்லை என்று பதில் சொல்பவர் இல்லை. டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு அவராகவே, யாரும் கேட்காமலே சொன்னார்.

"அவன்கிட்ட இருந்து போன் வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. போட்டா ரிங்கே போக மாட்டேங்குது. கூடப் போன பையன் வேற கம்பெனிக்கு மாறிட்டான், அவனுக்கும் தெரியல. இந்த மீனு இருக்கிற வரைக்கும் அவன் நல்லா இருப்பான்னு எனக்கு ஒரு இது… என்னன்னு சொல்றது. இது போச்சுன்னா…"

முந்தானையால் வாளி மூடியில் இருந்த தண்ணீரைத் துடைத்தார்.

டீச்சர் படியிறங்கிப் போன பிறகு அக்கா என்னிடம், "வாங்கியிருக்கக் கூடாது" என்றார். அப்போது அவர் குரல் மிகவும் இறங்கியிருந்தது. நான் ஏற்கனவே வாளியிலிருந்து தனித் தொட்டிக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன் டீச்சர் போன் செய்வார். ஒரே வார்த்தைதான்.

"இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

வைத்துவிடுவார். அந்த நாட்களில் வீட்டிலிருந்து கிளம்பி வரும்போதே எனக்கு அந்தக் கேள்வி காதில் கேட்கும். படி ஏறியதும் செருப்பைக் கழற்றக்கூட நேரமெடுக்காமல் தொட்டிக்குத்தான் ஓடுவேன். மீன் மூலையில் அசையாமல் நிற்கும். செவுள் அசைகிறதா என்று கண்ணாடியில் நெற்றி ஒட்டப் பார்ப்பேன். அசைந்தால்தான் எனக்கு மூச்சு வரும். யாரோ பெற்ற பிள்ளை, நான் முகம்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பையனுடைய உயிரையே என் கையில் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

அக்கா செய்தவற்றை முறையாகச் சொல்கிறேன், இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும். முதலில் பேதி உப்பு. தனித் தொட்டியில் அளந்து கரைத்து, பெண் மீனை அதில் கொஞ்ச நேரம் விட்டு எடுப்பது. வயிறு இளகும். பிறகு தொட்டித் தண்ணீரில் பாதியை வடித்துவிட்டு, சேர்த்து வைத்திருந்த மழைத் தண்ணீரை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுவது. ஒரேயடியாக ஊற்றினால் மீன் அதிர்ந்துவிடும். சூட்டைத் தினம் ஒரு துளி ஏற்றுவது. காய்ந்த வாதாம் இலை இரண்டு போடுவது. ஆணை நடுவில் கண்ணாடித் தடுப்புப் போட்டு அடுத்த பக்கம் விடுவது. பார்த்துக்கொள்ளலாம், தொட முடியாது. ஆண் தன் பக்கத்துச் சிலேட்டைக் கொத்திச் சுத்தம் செய்யத் தொடங்கியதும் பெண்ணுக்கும் ஆசை வரும் என்பது அக்காவின் கணக்கு.

சிக்கந்தர் பாய் வேறு யோசனை சொன்னார். "மெட்ராஸ்ல ஒருத்தரு வயித்தத் தடவியே முட்டைய எடுத்துர்றாராம். நீயும் செஞ்சு பாரேன்."

"அமுக்குனா உள்ள கிழிஞ்சிரும்" என்றார் அக்கா. "நம்ம பயத்துக்காக அதப் போட்டு அமுக்கக் கூடாது."

பாய் நல்ல மனிதர். கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. பெண் மீன் தீனியைப் பார்க்கும், எடுக்காது. டீச்சர் போனில் "இருக்கா?" என்று கேட்கும் குரல் சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஜன்னல் வெயில் தொட்டிமேல் விழுகிற நேரம், பெண் மூலையை விட்டு வெளியே வந்தது. தன் பக்கத்துச் சிலேட்டை வாயால் ஒரு முறை கொத்தியது. நான் அக்காவைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, நடுத்தடுப்பை இழுக்கிற வேலையை என்னிடம் விடாமல் அவரே செய்தார். கண்ணாடி உராய்கிற சத்தம் இல்லாமல் தூக்கினார்.

ஏஞ்சல் முட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நிதானமான வேலை. பெண் சிலேட்டை ஒட்டிக் கீழிருந்து மேலே ஒரு கோடு இழுத்த மாதிரி போகும். முத்து முத்தாக ஒட்டிக்கொண்டே வரும். அதன் பின்னாலேயே ஆண் அதே கோட்டில் போகும். எங்கள் மீன் பாதிக் கோடு போவதற்குள் சாய்ந்துவிடும். கீழே போய்க் கிடக்கும். செத்துவிட்டது என்று நினைப்போம். மறுபடி எழுந்து வரும். இரண்டு கோடு போடும், சாயும். ஆண் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். விட்ட பிறகு பார்த்தால் அவருடைய விரல் தடம் பதிந்திருந்தது.

வயிற்றில் இருந்ததில் பாதிதான் போட்டிருக்கும். பிறகு பெண் மூலைக்குப் போய்விட்டது. புடைப்பு கொஞ்சம் வற்றியிருந்தது. "தாங்கிருச்சுக்கா" என்றேன். முட்டை ஒட்டிய சிலேட்டைத் தண்ணீருக்குள்ளேயே ஒரு பாத்திரத்தில் சாய்த்து, காற்றுப்படாமல் எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றினோம். தாய்த்தொட்டித் தண்ணீர், நீல மருந்து, சிலேட்டுக்குப் பக்கத்தில் குமிழி விடும் காற்றுக்கல். முட்டைமேல் நேராகக் காற்று அடிக்கக் கூடாது, பக்கவாட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தாய் மீன் வாலை விசிறிச் செய்கிற வேலையைத்தான் காற்றுக்கல் செய்கிறது.

மறுநாள் காலை நான் படியேறும்போது அக்கா மேல்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"போயிருச்சு" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது, இருந்தும் அதே நேரம். நான் கையில் எடுத்தேன். "எடுக்காத" என்றார் அக்கா. அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது. உள்ளங்கையில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் அதைத் துணிக் கூடைக்குள் போட்டுவிட்டேன். அங்கேயும் அதிர்வது கேட்டது.

பாய் காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதே மாதிரி பட்டை போட்ட பொட்ட கடையில நாலு கெடக்கு" என்றார். "ஒண்ணக் கொண்டாந்து விடு. அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? பாவம், ஒரு ஆறுதல்."

எனக்கு அது சரியென்றே பட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"அப்புறம்?" என்றார் அக்கா. "நாளைக்கு அந்தம்மா போன் பண்ணி இருக்கான்னு கேக்கும். நாம இருக்குன்னு சொல்லணும். அது மீனப் பத்தியா கேக்குது? மகன் இருக்கானான்னு நம்மகிட்டக் கேக்குது. தெரியாத விஷயத்துக்கு இருக்குன்னு எப்படிங்க சொல்றது? அந்தப் பொறுப்ப நான் எடுக்க மாட்டேன்."

பாய் கை கழுவப் போய்விட்டார். அக்கா போனைக் கூடையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. "போன்ல வேணாம்கா. நான் நேர்ல போறேன்" என்றேன்.

திருமங்கலம் தாண்டும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து என்ன சொல்வது என்று அடுக்கிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி மாதம். அந்தப் பக்கம் மழை கட்டினால் எங்கள் சந்தில் முதலில் கரண்டைத்தான் நிறுத்துவார்கள் என்று நினைவு வந்ததும் இன்னொரு கவலை சேர்ந்துகொண்டது. டி. கல்லுப்பட்டியில் இறங்கி விசாரித்துத் தெருவுக்குள் நுழைந்தால், டீச்சர் வாசல் குழாயில் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். குடம் நிறைந்து வழிந்தது. குழாயை மூடவில்லை.

"போன எடுக்கலேன்னதும் நெனச்சேன்" என்றார்.

நான் குனிந்து குழாயை மூடினேன்.

"எது?"

"பொட்ட டீச்சர். முட்ட போட்டுச்சு. பாதிதான் போட்டுச்சு. காலையில பாத்தா…" மூடிய குழாயை இன்னும் இறுக்கினேன். "வயசாயிருச்சு டீச்சர் அதுக்கு. முட்ட கட்டிக்கிட்டதுதான். அதுக்கும் தம்பிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"தெரியும். நான் சயின்ஸ் டீச்சரு" என்றார். "கிளாஸ்ல பிள்ளைங்களுக்கு நாந்தான் சொல்றேன், சகுனம் கிகுனமெல்லாம் பாக்காதீங்கன்னு. வீட்டுக்கு வந்தா மனசு கேக்க மாட்டேங்குது. வேற எதப் புடிச்சுக்கிறது சொல்லு? ஏஜெண்ட் போன எடுக்கல. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கேன், கேட்டுச் சொல்றோம்ங்கிறாங்க. தெனமும் காலையில ஒரு பதில் வந்த எடம் ஒன்னோட போன் மட்டுந்தான்."

அவர் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். படியில் ஏறப் போனவர் நின்றார்.

"முட்ட போட்டுச்சுன்னு சொன்னேல்ல. அத யாரு பாத்துக்கிறா?"

"அக்கா பாத்துக்கிறாங்க டீச்சர்."

"ஒரு ஆளா?"

"ஆமா."

"மழ வருது. கரண்ட் போகும்ல?"

"போகும் டீச்சர்."

"அப்ப நீ இங்க நின்னு என்ன பண்ற? கெளம்பு. காப்பிகூடத் தர மாட்டேன், கெளம்பு."

திரும்பி வரும்போது திருமங்கலத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. நான் வீடு வந்து சேரும்போது சந்தில் ஒரு வீட்டிலும் விளக்கில்லை. மத்தியானம்தான், ஆனால் சாயங்காலம் மாதிரி இருட்டு. மாடியில் அக்கா ஒரு கையில் சைக்கிள் பம்பை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் ரப்பர் குழாயைப் பிடித்திருந்தார். மோட்டாரின் பேட்டரி தீர்ந்துவிட்டது. பாய், கடையில் கிடந்த லாரி டியூபைப் பக்கத்துப் பஞ்சர் கடையில் காற்று நிரப்பி ஆட்டோவில் போட்டு அனுப்பியிருந்தார். அதன் வாயில் மெல்லிய குழாயைச் சொருகி, கிளிப் போட்டு, காற்றுக்கல்லுக்கு அக்கா இணைத்திருந்தார். டியூபிலிருந்து காற்று மெதுவாகக் கசிந்து தொட்டிக்குள் குமிழாக வந்தது. டியூப் தளர்ந்தால் நான் பம்பு அடிப்பேன். கை வலித்தால் அக்கா அடிப்பார்.

குளிர் வேறு. ஏஞ்சல் முட்டைக்குக் குளிர் ஆகாது. அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி மூடித் தொட்டிக்குள் மிதக்க விட்டோம். பாட்டில் ஆறினால் மாற்றுவோம். டார்ச் அடித்துப் பார்த்தபோது சிலேட்டின் மேல்பாதியில் வெள்ளை படர ஆரம்பித்திருந்தது. வெள்ளை முட்டை என்றால் அது கரு கூடாமல் கெட்டது. அதிலிருந்து பஞ்சு மாதிரி ஒரு நூல் கிளம்பிப் பக்கத்து முட்டையைப் பிடிக்கும், அதிலிருந்து அடுத்ததை. ஊசியால் ஒவ்வொன்றாகத் தள்ளிச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். கை அசைந்தால் நல்ல முட்டையும் சேர்ந்து போகும். அக்கா டார்ச்சைப் பிடித்தார், நான் எடுத்தேன். எடுத்தவரை வெள்ளை. இன்னும் வெள்ளை. ஒரு கட்டத்தில், "மொத்தமும் போயிரும்போல இருக்கேக்கா" என்றேன்.

"எடு" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

மழை விட்டது, கரண்ட் வந்தது. சிலேட்டின் கீழ் மூலையில் மட்டும் ஒரு உள்ளங்கை அளவுக்குத் தேன் நிறத்தில் முட்டைகள் நின்றன. அடுத்தடுத்த நாட்களில் அவற்றிலும் சில போயின. பிறகு ஒரு காலை பார்க்கையில், ஒட்டியிருந்த முட்டைகளுக்குள்ளிருந்து மயிர் மாதிரி வால்கள் துடித்தன. நான் அக்காவிடம் "பொரிஞ்சிருச்சு" என்று சொன்னேன். அவர் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, "நீந்தட்டும்" என்றார். ஆனால் துப்பட்டாவை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

டீச்சருக்கு நானே போன் செய்தேன். "குஞ்சு இருக்கு டீச்சர்" என்றேன். "சரிம்மா" என்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து பஸ் ஏறி வருவார். தொட்டி முன்னால் நின்று பார்ப்பார், போய்விடுவார். குஞ்சுகள் நீந்தின, தீனி எடுத்தன, முக்கோணமாக உருவம் எடுத்தன. மகனிடமிருந்து மட்டும் செய்தி இல்லை. தை பிறந்த பிறகு ஆண் மீனும் போயிற்று. வயதுதான். அதை டீச்சரிடம் சொன்னேன். "அது போனாப் போகட்டும் விக்டோரியா" என்றார் டீச்சர். "நான் மனு குடுத்த எடத்துக்கு வாரா வாரம் போறேன், இப்ப அங்க ஒரு அம்மா ஒழுங்காப் பதில் சொல்லுது."

மகனிடமிருந்து போன் வந்தது அதற்கும் பிறகுதான். வேறு யாருடைய நம்பரிலிருந்தோ. முதலாளி பாஸ்போர்ட்டையும் போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஊருக்கு வெகுதூரத்தில் பண்ணை வேலையில் விட்டுவிட்டானாம். ஒரு லாரி டிரைவரின் போனில் பேசியிருக்கிறான். உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தது. அவன் ஊர் திரும்ப இன்னும் பல மாதம் ஆயிற்று. அந்த அலைச்சல்களையெல்லாம் டீச்சர்தான் சொல்ல வேண்டும், எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

ஒரு மத்தியானம் டீச்சர் அவனைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். ஒல்லியாக, வெயிலில் கருத்து, முடி கொட்டிப்போய் இருந்தான். அறைக்குள் வந்ததும் இவ்வளவு நாள் நான் பயந்து பயந்து பார்த்த உயிர் இதுதானா என்று அவனையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவன் சங்கடப்பட்டுத் தொட்டிகளைப் பார்த்தான். வளர்ந்த குஞ்சுகளில் நல்ல ஜோடி ஒன்றை அவனுக்கென்று பிரித்து வைத்திருந்தோம். பிளாஸ்டிக் பையில் பிடித்துக் காற்று அடைத்துக் கட்டி அவன் கையில் கொடுத்தேன்.

"இதான் தம்பி ஒங்க மீனோட குஞ்சு" என்றேன். "தாய் போட்ட கடைசி முட்டை."

அவன் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். அம்மா அடுத்த வரிசையில் அக்காவோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னான்.

"தப்பா நெனக்காதீங்கக்கா. அது எம்மீனே இல்ல. எங்கூடப் படிச்சவன் ஒருத்தன் ரூம காலி பண்றப்ப எந்தலையில கட்டிட்டுப் போனது. எனக்கு மீனுன்னா அம்புட்டு இஷ்டமெல்லாம் கெடையாது. தீனி போட மறந்துருவேன், அம்மாதான் போடும்."

பேச்சு நின்றுவிட்டிருந்ததை நான்தான் முதலில் கவனித்தேன். டீச்சர் இந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். காதில் விழுந்துவிட்டது. அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அழப்போகிறார் என்று நினைத்து ஓரடி முன்னால் வைத்தேன்.

அவர் சிரித்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க. நிற்க முடியாமல் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார். "கேட்டியா விக்டோரியா? மெகரம்மா, கேட்டீங்களா? இவனுக்கு மீனே புடிக்காதாம்!" சிரிப்புக்கு நடுவே கண்ணீர் வழிந்தது. நான் பார்த்த இத்தனை வருடத்தில் முட்டை இருக்கிற அறையில் ஒருவர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து, அக்கா ஒன்றும் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

பையன் பையை என்னிடமே திருப்பி நீட்டினான். "அப்ப இது வேணாமாம்மா?"

டீச்சர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் வேணாம்? அது என் மீனுடா" என்றார். "பைய அப்படித் தொங்கவிடாத, சூடு ஏறிரும். ரெண்டு கையாலயும் அடியில தாங்கிப் புடி."

அவன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான். பின்னாலேயே டீச்சர், ஒவ்வொரு படிக்கும் "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டு போனார்.